மலையில்லாக் கரையில் மலைச் சைக்கிள்

புத்தளம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது உப்பும் கழுதையும்தான். உப்பு மூட்டைகளை ஊர் ஊராகச் சுமந்த காலம் போய்விட்டது. ஆனாலும் கழுதைகள் இன்றும் தெருக்களில் திரிகின்றன. அந்தச் சுமையில் ஒரு பங்கை இப்போது சைக்கிள்கள் சுமக்கின்றன. மீன் பெட்டி, கிடுகுக் கட்டு, வெங்காய மூட்டை, பாடசாலைப் பிள்ளை என எல்லாமே அதில் ஏறும்.

பாலாவிச் சந்தியில் கொழும்பு வீதியை விட்டுத் திரும்பினால், கற்பிட்டி வரை ஏறக்குறைய 40 கிலோமீட்டர். வலப்புறம் களப்பு, இடப்புறம் கடல். நடுவே கரம்பை, நுரைச்சோலை, மாம்புரி, ஏத்தாளை, கண்டக்குழி போன்ற ஊர்கள். தென்னந்தோப்பும், மணலில் தண்ணீர் இறைத்துச் செய்யும் வெங்காயத் தோட்டமும், மிளகாய்த் தோட்டமும் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தெரியும். ஒரு குன்றைக்கூடக் காண முடியாது. அப்படியிருந்தும் பிள்ளைகள் கேட்பது ‘மவுண்டன் பைக்’தான்!

இதைச் சின்னஞ்சிறு ஆசை என்று தள்ளிவிட முடியாது. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் ஏராளமானவை இந்தக் கரையில்தான் ஒதுங்கின. யாழ்ப்பாணத்தில் ஓடித்திரிந்த சைக்கிளையும் விட்டுவிட்டு வந்தவர்கள் அவர்கள். தில்லையடியிலும் ஆலங்குடாவிலும் கிடுகுக் கொட்டில்களில் வாழ்க்கையைத் தொடங்கியவர்களுக்கு, பிரதான வீதிக்கும் பாடசாலைக்கும் போக மணல் ஒழுங்கைதான் வழி. 2022இல் பெற்றோலுக்காக நாடே வரிசையில் நின்றபோது, சைக்கிளின் அருமை எல்லா வீட்டுக்கும் புரிந்தது. அதன் விலையும் எட்டாத உயரத்துக்கு ஏறியது. இன்று ஓரளவு நல்ல சைக்கிள் ஒன்று வாங்க, பல மாதச் சீட்டுக் காசு தேவைப்படுகிறது. தவறான ஒன்றை வாங்கினால் ஒரே வருடத்தில் அது கொல்லைப்புறத்துத் துரும்பாகிவிடும்.

சகோதரிகளே, கடைக்குப் போகுமுன் நம் கரையின் மூன்று குணங்களை நினைவில் வையுங்கள். மணல், உப்பு, காற்று. இந்தச் சைக்கிள் 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மலைச் சரிவுகளில் பிறந்தது. அதன் அகன்ற டயர் அங்கே கல்லுக்காகப் போட்டது. இங்கே மணலுக்கு உதவுகிறது. டயர் 2 அங்குல அகலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். மணல் ஒழுங்கையில் காற்றைச் சற்றுக் குறைத்தால் சக்கரம் புதையாது. தார் வீதிக்கு மீண்டும் நிரப்பிக்கொள்ள வேண்டும். ஆகவே ஒரு பம்பும் வீட்டில் தேவை.

முன்னுக்கும் பின்னுக்கும் ஷொக் உள்ளது பார்வைக்குக் கம்பீரமாக இருக்கும். மலிவு விலையில் வருவது பாரம் கூடியது. மிதிக்கும் பலத்தையும் விழுங்கிவிடும். பின்புறம் விறைப்பான சட்டமும் முன்னுக்கு மட்டும் ஷொக்கும் உள்ள ‘ஹார்ட்டெயில்’ போதும். முன் ஷொக்கும் இல்லாத சாதாரண வகை கிடைத்தால் இன்னும் நல்லது. உப்புக் காற்றில் துருப்பிடிக்க ஒரு பொருள் குறைவு.

உப்புக்கு ஈடுகொடுப்பது அலுமினியச் சட்டமும் அலுமினிய ரிம்மும். கம்பிகள் துருப்பிடிக்காத உருக்கா என்று கேளுங்கள். கடைக்காரர் ‘21 கியர்’ என்று பெருமையாகச் சொல்வார். எண்ணிக்கைக்கு மயங்க வேண்டாம். மே முதல் ஒக்டோபர் வரை தென்மேற்குக் காற்று பலமாக வீசும். அந்த மாதங்களில் கற்பிட்டியிலிருந்து பாலாவிப் பக்கம் வருவது மலை ஏறுவது போலத்தான். அதற்கு வேண்டியது ஒரு இலகுவான கியர், அதுவும் தட்டினால் உடனே விழும் கியர்.

பிரேக் முக்கியம். ரிம்மைப் பிடிக்கும் பிரேக்கின் ரப்பர் எந்தக் கிராமத்துக் கடையிலும் கிடைக்கும். எண்ணெய்யில் இயங்கும் டிஸ்க் பிரேக் நன்றாகப் பிடித்தாலும், பழுதானால் திருத்துபவர் பக்கத்தில் இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள்.

பிள்ளையைக் கூட்டிச் சென்றே வாங்குங்கள். சட்டத்துக்கு மேலாகக் காலை அகட்டி நின்றால், இரண்டு அங்குலமாவது இடைவெளி இருக்க வேண்டும். ‘வளர்ந்து வருவான்’ என்று பெரிய சைக்கிள் வாங்குவது சட்டை தைப்பது போன்றதல்ல. விழுந்தால் எலும்பு முறியும். மகளுக்கென்றால் நடுக்கம்பி தாழ்ந்த சட்டம் பாருங்கள். இவ்வகைச் சைக்கிள்களில் பெரும்பாலும் செயின் கவர் இருப்பதில்லை. அபாயாவும் பாடசாலைச் சீருடையும் சிக்காதபடி அதைக் கட்டாயம் பூட்டுங்கள்.

மட்காட், கரியர், ஸ்டாண்ட், மணி, லைட், பூட்டு இவையும் தனிச் செலவு. கையிலுள்ள பணத்தில் பத்தில் ஒரு பங்கையாவது இவற்றுக்கு ஒதுக்கிவிட்டு, மிகுதிக்குள் சைக்கிளைத் தேடுங்கள்.

பணம் போதாவிட்டால், ஜப்பானிலிருந்து வரும் பழைய சைக்கிள்களும் நல்லவையே. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள், கோணலாக ஆடக்கூடாது. இருக்கைத் தண்டு மேலும் கீழும் அசைய வேண்டும். இறுகிப் போயிருந்தால் உள்ளே துரு என்று பொருள். ஒட்டு வைத்த இடங்களில் வெடிப்பு உண்டா என விரலால் தடவிப் பாருங்கள்.

வாங்கிய பின் வேலை பெரிதல்ல. கடற்கரைப் பக்கம் போய் வந்தால் நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவி, துடைத்து, செயினுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு மிகுதியைத் துணியால் துடைத்தெடுங்கள். எண்ணெய் வழிந்தால் மணல் ஒட்டிச் செயினைத் தின்றுவிடும். இந்த வேலையைப் பிள்ளையிடமே ஒப்படையுங்கள். தன் கையால் துடைத்த சைக்கிளை எந்தப் பிள்ளையும் மழையில் போட்டுவிட்டு வராது.