சட்டி பானைக்கு நடுவிலே

அப்பா படுக்கையில் விழுந்த மூன்று மாதமும் பெட்பேன் கழுவியது நான்தான். மூக்கைப் பொத்திக்கொண்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு. ஒருநாள் அப்பா சுவர்ப்பக்கம் திரும்பியபடி, 'உனக்கு ரொம்ப கஷ்டம் குடுக்கிறேன்லப்பா' என்றார். என் முகத்தைப் பார்த்திருக்கிறார்!

அன்று ராத்திரி சகோதரர் லாரன்ஸ் நினைவுக்கு வந்தார். 17-ம் நூற்றாண்டில், பாரிஸ் கார்மல் மடத்துச் சமையல்காரர். பழைய சிப்பாய், கால் ஊனம். சமையல் வேலை சுத்தமாகப் பிடிக்காது. ஆனாலும் வருஷக்கணக்கில் செய்தார். ஜெபத்தில் மட்டுமல்ல, சட்டி பானைக்கு நடுவிலும் கடவுளோடு இருக்கலாம் என்றார். 1691-ல் அவர் இறந்த பிறகு, பேச்சும் கடிதங்களும் புத்தகமாயின. இன்றும் படிக்கிறார்கள்.

மறுநாள் நான் மூக்கைப் பொத்தவில்லை. நாற்றம் என்னவோ அப்படியேதான் இருந்தது.

'சாப்டியாப்பா?' என்றார் அப்பா. சுவரைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து.