மேடைக்கு வந்த முகங்கள்

விடியற்காலையில் கீழ்பென்னாத்தூர் ஸ்டுடியோக்காரரின் வீட்டுக் கதவைத் தட்டுகிறவர் கல்யாணத் தேதி சொல்ல வந்தவராக இருக்கமாட்டார். எங்கோ ஒரு சாவு விழுந்திருக்கும். கண்ணீர் அஞ்சலி பேனருக்கு ஒரு முகம் வேண்டும். காரியத்தன்று மாலை போட ஒரு சட்டப் படம் வேண்டும். இறந்துபோன பாட்டிக்குத் தனியாக எடுத்த படம் வீட்டில் இராது. ஆதார் அட்டையில் இருப்பது வெப்கேமரா முன்னால் மிரண்ட முகம், பெரிதாக்கினால் கலைந்துவிடும். "நம்ம பையன் கல்யாணத்துல மேடைக்கு வந்தாங்களே, அதுல இருப்பாங்க பாருங்கண்ணா" என்பார்கள். அவர் கணினியைத் திறந்து, ஊர்ப் பெயரையும் வருஷத்தையும் வைத்துத் தேடி, பின்வரிசையில் நின்ற ஒரு முகத்தை வெட்டி எடுத்துக் கொடுப்பார்.

அந்த வேலையைப் பல வருஷம் செய்த பிறகுதான் கல்யாணப் படம் எதற்கு எடுக்கிறோம் என்பதே தனக்குப் புரிந்தது என்றார். அவர் எடுக்கும் முறையும் அதிலிருந்து மாறியது. அதைப் பார்க்கத்தான் ஓர் ஆவணி முகூர்த்தத்துக்கு அவரோடு போனேன்.

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குப் போகும் சாலையில் இருக்கிறது கீழ்பென்னாத்தூர். தாலுகா ஆபீஸ் உள்ள ஊர், ஆனாலும் பேரூராட்சிதான். சுற்றிலும் நெல், கரும்பு, மல்லாட்டை என்கிற நிலக்கடலை. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. அந்த மாதங்களில் பாஸ்போர்ட் சைஸ் படமும் பள்ளிக்கூட அடையாள அட்டையும்தான் கடை வாடகையைக் கட்டுகின்றன. தொண்ணூறுகளில் வாக்காளர் அட்டைக்குப் படம் எடுக்கத் தொடங்கியபோதுதான் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் பலர் முதன்முதலாகத் தனியாகக் கேமரா முன் உட்கார்ந்தார்கள் என்பது அவர் கணிப்பு. நான் பேசிய பெரியவர்களும் அதையே சொன்னார்கள்.

முந்தின நாள் ராத்திரி ரிசப்ஷன். மேடைக்குப் பின்னால் எல்.இ.டி. சுவர், தலைக்கு மேல் ஊதாவும் பச்சையுமாகச் சுழலும் விளக்குகள். மண்டபத்துக்குள் நுழைந்ததும் அவர் கேமராவைத் தொடவில்லை, நேரே டெக்கரேஷன்காரரிடம் போனார். "தம்பி, சொந்தக்காரங்க ஏறி எறங்குற வரைக்கும் அந்த ஊதாவ மட்டும் நிறுத்திக்கோ. அப்புறம் உன் இஷ்டம்." ஊதா வெளிச்சம் மனிதத் தோலைப் பிணத்தின் நிறமாக்கிவிடுமாம்; பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. விளக்கு நின்றது. மேடையின் இரண்டு பக்கமும் சாஃப்ட்பாக்ஸ் ஸ்டாண்டுகள் ஏறின.

வெள்ளை வேட்டி சட்டையில் கறுத்த மனிதர் ஒருவர் வந்து நிற்கிறார். பக்கத்தில் ஜரிகை மின்னும் பட்டுப்புடவை. கேமராவைத் தானாக அளக்க விட்டால் அந்த வெள்ளையைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைத்துவிடும், முகம் இருட்டில் மூழ்கிப்போகும். இவர் முகத்துக்கு அளந்துகொண்டு, வேட்டி கொஞ்சம் வெளுத்தாலும் சரி என்று விடுகிறார். இது இந்த ஊரின் சிக்கல் மட்டுமில்லை. கோடாக் நிறுவனம் 1950களிலிருந்து லேப்களுக்கு அனுப்பிய நிறச் சரிபார்ப்பு அட்டைகளில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். 'ஷெர்லி கார்டு' என்று அதற்குப் பெயர். அவர் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று உலகம் முழுக்கப் பிரிண்ட் போட்டார்கள். சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் பழுப்பு நிறம் சரியாக வரவில்லை என்று முறையிட்டபோதுதான் ஃபிலிமில் திருத்தம் வந்தது என்று கனடா ஆய்வாளர் லோர்னா ராத் எழுதியிருக்கிறார். கறுப்பு மனிதர்களின் முகத்துக்காக அந்த வேலை முதலில் நடக்கவில்லை என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

இன்றைக்குக் கேமரா தேறிவிட்டது, கேட்கிறவர்கள்தான் தேறவில்லை. "கொஞ்சம் ஃபேர் பண்ணிக் குடுங்க" என்று எல்லா வீட்டிலும் சொல்கிறார்கள். மணமக்களுக்கு ஓரளவு இணங்குவார். பெரியவர்கள் முகத்தில் கை வைக்கமாட்டார். "நெறத்த மாத்திக் குடுத்துட்டா, நாளைக்கிப் பேத்தி வந்து 'இது யாரு'ன்னு கேக்கும் சார்."

தொழிலில் இப்போது இரண்டு சாதி உண்டு. ட்ரெடிஷனல், கேண்டிட். மேடையில் நின்று வருகிறவர்களை வரிசையாக எடுப்பது ட்ரெடிஷனல். அதற்குக் கூலியும் குறைவு, மதிப்பும் குறைவு, புதுப் பையனைத்தான் நிறுத்துவார்கள். பின்னணியைக் கலங்கடித்து, பெண்ணின் இமையையும் மருதாணிக் கையையும் எடுப்பவர் கேண்டிட்காரர். இவர் அதைத் தலைகீழாக வைத்திருக்கிறார். கேண்டிட்டுக்குப் பையன்களை அனுப்பிவிட்டு மேடையில் முழுநேரமும் தானே நிற்கிறார். அவர் செய்வது சரி என்றே நினைக்கிறேன். மணமக்களின் முகம் அவர்கள் செல்போனிலேயே நூறு கோணத்தில் கிடக்கிறது. செஞ்சிக் கோட்டையிலும் சாத்தனூர் அணையிலும் சேர்ந்து நின்ற படங்கள் வேறு. மொய் எழுதிவிட்டு மேடையேறும் பெரியம்மாவுக்கு இந்த ஒரு நிமிஷம்தான்.

தாய்மாமன் யார், பங்காளி யார், யாரும் யாரும் பேசிக்கொள்வதில்லை என்பதையெல்லாம் பெண் அழைப்பிலேயே விசாரித்து வைத்துக்கொள்கிறார். தாய்மாமனை ஓரத்தில் நிறுத்திவிட்டால் ஆல்பம் வந்த அன்றே சண்டை.

விடிந்து தாலி கட்டி முடிந்தது. கூட்டம் பந்திக்குப் போனபோது அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப்போய் மண்டபத்துப் பக்கவாசல் ஓரமாகப் போட்டார். வடக்குப் பார்த்த வாசல். வெயில் நேரே விழாமல் வெளிச்சம் மட்டும் உள்ளே வந்தது. ஃபிளாஷைக் கழற்றிவிட்டார். சாப்பிட்டுக் கை கழுவி வந்த ஒரு கிழவியை, "ஆயா, இப்டி ஒக்காரு" என்று அழைத்தார்.

"எனக்கு எதுக்குப்பா படம்? போய் பொண்ணு மாப்ளையப் புடி."

"புடிச்சாச்சு ஆயா. மல்லாட்ட போட்டாச்சா இந்த வருசம்?"

கிழவி மழையைத் திட்டத் தொடங்கினாள். உடம்பின் விறைப்பு போய்விட்டது. வெற்றிலைச் சிவப்போடு வாய் திறந்து மூடிய இடைவெளியில் இரண்டு மூன்று முறை ஷட்டர் விழுந்தது. "சிரிங்க" என்று அவர் யாரிடமும் சொல்வதில்லை. அடுத்தவர் கண்ணாடி போட்ட பெரியவர். கண்ணாடியைக் கழற்றச் சொல்லாமல் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பி, வில்லையில் விழுந்த வாசல் வெளிச்சத்தை விலக்கினார். ஊன்றுகோலை மறைக்கப் போன கையையும் தடுத்துவிட்டார். இப்படியே ஒவ்வொருவராக, பந்தி முடியும்வரை. இதற்குக் காசு கிடையாது. யாரும் கேட்டதும் இல்லை.

அவர் கடைச் சுவரில் ரமண மகரிஷியின் படம் மாட்டியிருக்கிறது. 1946இல் ஜி.ஜி. வெல்லிங் எடுத்தது, முகமும் தோளும் மட்டும், கண்கள் நேரே நம்மைப் பார்க்கும். இந்த மாவட்டத்தில் அது இல்லாத கடை குறைவு. 1950 ஏப்ரலில், மகரிஷியின் கடைசி நாட்களில், பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோனும் திருவண்ணாமலைக்கு வந்து படமெடுத்தார். பையன்களுக்கு இவர் பாடம் நடத்துவது வெல்லிங்கின் படத்தை வைத்துத்தான். பட்டும் இல்லை, நகையும் இல்லை, இடமும் தெரியவில்லை. ஆனாலும் ஆள் இருக்கிறார் பாருங்கள் என்பார்.

அவர் தொழில் கற்றது யாஷிகா கேமராவில். 120 ஃபிலிமில் ஒரு சுருளுக்கு 12 படம். ஊட்டியில் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் 'இந்து' என்ற பெயரில் தயாரித்த கறுப்புவெள்ளைச் சரக்கை அந்த நாளில் எல்லா ஸ்டுடியோவும் அறியும். பென்சிலைக் கூராகச் சீவி நெகட்டிவிலேயே அம்மைத் தழும்பைத் தொட்டு ஆற்றுவார்களாம். அந்த நெகட்டிவ்கள் பெரும்பாலும் போய்விட்டன. கடையை மூடியவர்கள் வெள்ளி எடுக்கிறவர்களுக்கு எடைக்குப் போட்டார்கள், மீந்ததைக் கரையானும் ஈரமும் தின்றன. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோ படங்களைத் தேடித் தேடி எண்மப்படுத்தியிருக்கிறார்கள். பெரிய காரியம். ஆனாலும் ஒவ்வொரு சின்ன ஊருக்கும் யாராவது வந்து காப்பாற்றுவார்கள் என்று காத்திருக்க முடியாது. இவர் எல்லாவற்றையும் இரண்டு ஹார்டு டிஸ்கில் வைத்து, ஒன்றை மச்சான் வீட்டில் கொடுத்திருக்கிறார்.

நான் கிளம்பும் சமயம் தை மாதக் கல்யாணத்துக்குப் பெண்ணின் அப்பா விலை பேச வந்தார். தொகை எட்டவில்லை.

"ட்ரோன வேணா எடுத்துடலாம்ணா. ஆல்பத்துலயும் நாலு ஷீட்டு கொறச்சிக்கலாம்."

"மேடைல எல்லாரையும் எதுக்குங்க எடுக்கணும்? முக்கியமானவங்கள மட்டும் எடுத்தாப் போதாதா?"

"அது மட்டும் முடியாதுண்ணா. உங்கம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க. எம்பத்திரண்டு."

"போட்டோ இருக்குதா?"

பெண்ணின் அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து அட்வான்ஸை எடுத்து எண்ணினார்.