முத்தோரைச் சரிவு

ஊட்டியிலிருந்து பாலாடா போகும் வழியில், கேரட்டும் உருளைக்கிழங்கும் விளையும் அடுக்கு நிலங்களுக்கு நடுவே முத்தோரை இருக்கிறது. அங்கே ஒரு மலைச்சரிவில் இரும்புச் சட்டங்கள் வடக்கு தெற்காக வரிசைகட்டி நிற்கும். விவரம் தெரியாதவர் ஏதோ கூரை போடாத தொழிற்சாலை என்று கடந்துபோய்விடலாம். 1970இல் இயங்கத் தொடங்கிய ஊட்டி ரேடியோ தொலைநோக்கி அது.

நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். நெடுக்காகப் பிளந்த குழாயைப் போன்ற வடிவம். ஆனால் தகடு எதுவும் கிடையாது. 24 சட்டங்களின் மேல் இழுத்துக் கட்டிய சுமார் 1,100 எஃகுக் கம்பிகள்தான் அதன் கண்ணாடி. கம்பிகளின் ஊடே வானம் தெரிகிறது. அது வாங்கும் ரேடியோ அலையின் நீளமோ ஏறக்குறைய 92 சென்டிமீட்டர். அந்தச் சிறு இடைவெளிகள் அலைக்கு ஒரு பொருட்டே அல்ல. ஊட்டியின் மூடுபனியும் அப்படித்தான்.

இங்கே உண்மையில் பார்க்க வேண்டியது இரும்பை அல்ல, மலையை. பூமி சுழல்வதால் விண்மீன்கள் மேற்கு நோக்கி நகர்வதாகத் தெரிகிறது. தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருந்தால், அதை ஒரே பக்கமாக மெல்லத் திருப்பிக்கொண்டே பின்தொடரலாம். அதற்கு அச்சின் வடக்கு முனை, அந்த ஊரின் அட்சரேகை அளவுக்கு உயர வேண்டும். ஊட்டியின் அட்சரேகை சுமார் 11 பாகை. இந்தச் சரிவும் 11 பாகை. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கோவிந்த் ஸ்வரூப் தேடிப் பிடித்த மலை இது. மும்பைப் பக்கம் என்றால் 19 பாகை தேவைப்பட்டிருக்கும். அவ்வளவு செங்குத்தில் அரை கிலோமீட்டர் இரும்பை நிறுத்துவது லேசான காரியமல்ல. இப்படி ஒரே அச்சில் திரும்பியே ஒரு விண்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தொடர முடிகிறது.

வடக்கு தெற்காகப் பார்வையை மாற்ற எந்த இரும்பும் அசைவதில்லை. அது எலக்ட்ரானிக்ஸின் வேலை. குவியக் கோட்டில் 1,056 இருமுனை ஆன்டெனாக்கள் இருக்கின்றன. அவை வாங்கும் சமிக்ஞைகளை ஒன்றுக்கொன்று சற்றே முன்பின்னாக்கிக் கூட்டினால், தொலைநோக்கி பார்க்கும் திசை மாறிவிடுகிறது.

தொடக்க ஆண்டுகளில் இதற்குத் துணை நின்றது நிலா. விண்மீன்களின் பின்னணியில் நிலா விநாடிக்கு ஏறக்குறைய அரை விகலை நகர்கிறது. தொலைதூர ரேடியோ மூலம் ஒன்று அதன் விளிம்புக்குப் பின்னே மறையும்போது சமிக்ஞை எப்படிக் குறைகிறது என்று பதிவுசெய்தால், அந்த மூலத்தின் இருப்பிடமும் அளவும் நுட்பமாகக் கிடைத்துவிடும். அப்படி அளந்தவற்றில் மங்கலானவை சராசரியாகச் சிறியவையாகவும் இருந்தன. பேரண்டம் காலத்தோடு மாறிவந்திருக்கிறது என்பதற்கான சான்றாக ஸ்வரூபும் விஜய் கபாஹியும் இதை 1975இல் முன்வைத்தார்கள். மாறாத பேரண்டம் என்ற கொள்கைக்கு அது பாதகமாக அமைந்தது.

பின்னர் பல்சார்களும் சூரியக் காற்றும் ஆய்வுக்கு வந்தன. சூரியனிலிருந்து வீசும் மின்னூட்டத் துகள்களின் ஊடே வரும்போது தொலைதூர ரேடியோ மூலங்கள் மினுக்குகின்றன. அந்த மினுக்கலிலிருந்து காற்றின் வேகத்தைக் கணக்கிடுகிறார்கள்.