காலாப்பட்டிலிருந்து மிஷன் வீதி வரை

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வருபவர்களைப் புதுச்சேரி முதலில் வரவேற்பது காலாப்பட்டுப் பகுதியில்தான். ஒருபுறம் மீனவர் குப்பங்கள். சாலையோரம் 1985-ல் தொடங்கிய மத்தியப் பல்கலைக்கழகம். சற்றுத் தள்ளி கணபதிசெட்டிக்குளத்தில், மெட்ராஸ் மெடிக்கல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு நடத்தும் ‘பிம்ஸ்’ மருத்துவக் கல்லூரி. இன்று இது படிப்பாளிகளின் ஊர்.

இந்தப் படிப்பின் பழைய கதையைத் தேடினால், தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போக வேண்டும். காலாப்பட்டு புதுச்சேரிதான் என்றாலும், நகரத்துக்குப் போகும் வழியில் கோட்டக்குப்பம் வரை தமிழ்நாடு குறுக்கே வரும். அதைத் தாண்டி முத்தியால்பேட்டைக்குள் நுழைந்தால் மறுபடியும் புதுச்சேரி. அங்கிருந்து மிஷன் வீதி பக்கம்தான்.

வீதியில் கம்பீரமாக நிற்கிறது 1791-ல் கட்டி முடிக்கப்பட்ட அமலோற்பவ அன்னை பேராலயம். உள்ளூர்க்காரர்களுக்கு அது ‘சம்பா கோயில்’. சற்றுத் தள்ளி மகாத்மா காந்தி சாலையில் இருக்கிறது பெத்தி செமினார் பள்ளி. இந்தப் பிரெஞ்சுப் பெயருக்குச் ‘சிறிய குருமடம்’ என்று பொருள். குருவாகும் அழைப்பு உள்ள சிறுவர்களைத் தயார் செய்யும் இடம்.

1844-ல் ஆயர் பொன்னான் புதுச்சேரியில் குருக்களைக் கூட்டி ஒரு மாமன்றம் நடத்தினார். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களே எத்தனை காலம் திருச்சபையை நடத்துவது? இந்த மண்ணின் பிள்ளைகளே தலைமை ஏற்க வேண்டாமா? அதற்கு முதலில் அவர்கள் படிக்க வேண்டும். அந்த எண்ணத்தில் பிறந்தது இந்தப் பள்ளி.

சரி, பெண் பிள்ளைகள்? பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று ஊரே கேட்ட காலம் அது. லூயி சவினியன் துப்புயி என்ற குரு அதை ஏற்கவில்லை. மிஷன் அச்சகத்தைக் கவனித்தவர். மூசே என்ற குருவோடு சேர்ந்து தமிழ்–பிரெஞ்சு அகராதி தொகுத்தவர். பெண் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க, 1844 அக்டோபர் 16 அன்று உள்ளூர் இளம்பெண்களைக் கொண்டே மரியன்னையின் மாசற்ற இருதய சபையைத் தொடங்கினார். கல்யாணம்தான் வாழ்க்கை என்றிருந்த நாளில், அதை விட்டுவிட்டுக் கரும்பலகை முன்னால் நிற்கத் துணிந்த அந்தப் பெண்களுக்கு எவ்வளவு மனவலிமை இருந்திருக்க வேண்டும்!

விதைத்தது உடனே விளையவில்லை. 1954 நவம்பர் 1-ல் புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டு, 1955-ல், பிரெஞ்சுப் பேராயர் கோலாவுக்குப் பின் அம்புரோஸ் ராயப்பர் பேராயரானார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர் அவர். மாமன்றம் கூடி 111 ஆண்டுகள் ஆகியிருந்தன! கூட்டத்தில் உட்கார்ந்து முடிவெடுத்தவர்கள் ஒருவர்கூட அதைப் பார்க்க உயிரோடு இல்லை. துப்புயி 1874-லேயே மறைந்துவிட்டார்.

இன்று இந்தப் பள்ளிகளில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். கிறிஸ்தவப் பள்ளிகளில் கல்வியாண்டின் தொடக்கத்தில் மாணவர் தலைவர்கள் பதவியேற்பது வழக்கம். மெழுகுவத்தி ஏற்றி, உறுதிமொழி சொல்லி, சட்டையில் பேட்ஜ் குத்திக்கொள்வார்கள். வீட்டில் அம்மா போட்டோ எடுத்து சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்புவார். மறுநாளிலிருந்து வேலை என்னவோ சின்னதுதான்: வரிசையைச் சரிசெய்வது, புதிதாகச் சேர்ந்து அழுதுகொண்டு நிற்கும் பிள்ளையை வகுப்புக்குக் கூட்டிப்போவது.

அது சின்ன வேலை இல்லை என்பதற்கு மிஷன் வீதியே சாட்சி. தனக்குப் பின்னால் வருபவரைக் கைபிடித்து முன்னால் நிறுத்துவதைத்தான் 1844-ல் இங்கே தலைமை என்று நினைத்தார்கள்.

மாலை பள்ளி விட்டதும், கடற்கரைச் சாலையில் வடக்கே போகும் பஸ்ஸில் கூட்டம் ஏறுகிறது. பேட்ஜ் குத்திய பிள்ளை யாராவது எழுந்து சின்னவனுக்கு இடம் கொடுத்தால், கவனித்துப் பாருங்கள். பாடம் சரியாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது.