முதல் பூச்சு

மாப்பிள்ளை, ஒஹாயோவில் ஒரு பண்ணைக் கொட்டகையில் 1970ஆம் வருஷத்து ஷெவர்லே ஷெவெல் எஸ்.எஸ். கிடக்கிறது, பெரியவர் காலமான பிறகு அவர் மனைவி விற்கப் பார்க்கிறார், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். படங்களைப் பார்த்தேன். பானெட் மேல் கனத்த தூசி, காற்றுப் போன டயர், பின்சீட்டில் ஒரு பூனை. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. இப்போதெல்லாம் சிலர் வண்டியைத் துடைக்காமலே ஏலத்துக்குக் கொண்டுவருகிறார்கள், துடைத்தால் விலை குறைந்துவிடும் என்று. அந்தத் தூசிக்கு நீ காசு கொடுக்காதே.

உனக்கு இந்த ஆசை எங்கே பிடித்தது என்று எனக்குத் தெரியும். ‘புல்லிட்’ படத்தில் ஸ்டீவ் மெக்வீன் சான் பிரான்சிஸ்கோ மேடுபள்ளங்களில் பறந்த பச்சை மஸ்டாங். 1974இல் ஒரு குடும்பம் அதை 6,000 டாலருக்கு வாங்கியது. அந்த வீட்டு அம்மா அதில்தான் பள்ளிக்கூட வேலைக்குப் போய்வந்தார். 1977இல் மெக்வீனே திருப்பித் தரும்படி கடிதம் எழுதினார், கொடுக்கவில்லை. பிறகு பல வருஷம் அது ஓடாமல் கிடந்தது. 2020 ஜனவரியில் ஃப்ளோரிடா ஏலத்தில் கமிஷனோடு சேர்த்து 37 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்குப் போனது. மங்கிய பெயின்ட், துரு, நெளிவு எல்லாம் அப்படியே. கேமரா மாட்டுவதற்காக அடியில் பற்றவைத்த இரும்பைக்கூட எடுக்கவில்லை. புதுப் பெயின்ட் அடித்திருந்தால், அது படத்தில் ஓடிய வண்டிதான் என்பதற்கான அடையாளங்களில் பாதி போயிருக்கும். ஆனால் அந்த விலை மெக்வீனுக்கும் சேர்த்து. உன் ஷெவெலில் யார் உட்கார்ந்தார்? ஒரு சோள விவசாயி.

ஆகவே காகிதத்திலிருந்து தொடங்கு. 1970 ஷெவெலின் வண்டி எண் அதை எஸ்.எஸ். என்று சொல்லாது. வி-8 எஞ்சின் போட்ட சாதாரண ஷெவெல் மாலிபுவுக்கும் அதே தொடக்க எண்கள்தான். எஸ்.எஸ். எழுத்துகளும் கறுப்பு கிரில்லும் பானெட்டும் கேட்லாக் பார்த்து எவனும் வாங்கி மாட்டிக்கொள்ளலாம், மாட்டியும் இருக்கிறார்கள். பான்டியாக் என்றால் பழைய ஆவணத்தைக் காசு கட்டி வாங்கலாம். 1967 முதல் வந்த ஃபோர்டுக்கும் அப்படியே. அமெரிக்காவில் விற்ற ஷெவெலுக்கு அந்த வழி இல்லை. தொழிற்சாலையில் வண்டியோடு கூடவே போன பில்ட் ஷீட் என்ற தாள்தான் அதன் ஜாதகம். பெட்ரோல் டேங்குக்கு மேலேயோ, சீட் ஸ்பிரிங்குக்குள்ளேயோ செருகிக் கிடக்கும், எலி விட்டுவைத்திருந்தால். வாரன்டிப் புத்தகத்தில் ஒட்டிய சிறு உலோகத் தகடு இருக்கிறதா என்றும் அந்த அம்மாவிடம் கேள். பெரியவர்கள் அதையெல்லாம் மேஜை டிராயரில்தான் வைத்திருப்பார்கள்.

அடுத்து எஞ்சின். வலப்பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் பிளாக்கில் ஒரு தட்டையான மேடை இருக்கும். கிரீஸைத் துணியால் துடை, சுரண்டாதே. அங்கே எஞ்சினின் பாகங்களைச் சேர்த்து முடித்த தேதி, ஒரு மூன்றெழுத்துக் குறி, வண்டி எண்ணின் கடைசிப் பகுதி மூன்றும் அடித்திருக்கும். 450 குதிரைசக்தி கொண்ட எல்.எஸ்.6, நான்கு கியர் என்றால் சி.ஆர்.வி. என்று இருக்க வேண்டும். எழுத்தை மட்டும் பார்த்து ஏமாறாதே. எழுத்தை எவனும் அடிப்பான். அதற்குப் பின்னால் உலோகத்தில் தொழிற்சாலை இயந்திரம் இழுத்த மெல்லிய கோடுகள் தெரிகின்றனவா பார். கள்ள எண் அடிக்கிறவன் முதலில் பழைய எண்ணை ராவி எடுப்பான், அந்தக் கோடுகளும் கூடவே போய்விடும். பிளாக்கை வார்த்த தேதியும் தனியாக இருக்கும். ஏ என்றால் ஜனவரி, பி என்றால் பிப்ரவரி. வண்டி பிறந்த பிறகு வார்த்த எஞ்சினாக இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்.

இனி தகரம். ஒஹாயோவில் குளிர்காலத்தில் ரோட்டில் உப்புத் தூவுவார்கள், மறந்துவிடாதே. பின்சக்கரத்துக்குப் பின்னால் அடிப்பகுதி, டிக்கித் தரை, பின்கண்ணாடியின் கீழ்விளிம்பு, இந்த மூன்று இடத்திலும் காந்தம் வைத்துப் பார். ஒட்டாவிட்டால் உள்ளே பட்டி. கூரையில் வினைல் ஒட்டியிருந்தால் அதனடியில் என்ன இருக்கிறது என்பது கடவுளுக்கே வெளிச்சம். பிறகு படுத்துக்கொண்டு சேசிஸைப் பார், முக்கியமாகப் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில். இதற்கு வெட்கப்படுகிறவன் பழைய வண்டி பக்கமே போகக் கூடாது.

கை படாத வண்டி வேறு, கவனிக்காமல் விட்ட வண்டி வேறு. கொட்டகையில் கிடப்பதில் பெரும்பாலானவை இரண்டாவது ரகம் என்பது என் அபிப்பிராயம். முதல் பெயின்ட், முதல் சீட், முதல் எஞ்சின் மூன்றும் நல்லபடியாக இருந்தால் அதை அப்படியே காப்பாற்றுவதற்கு விலை கொடு, கூடுதலாகவே கொடு. இல்லாவிட்டால் கணக்கு வேறு. செப்பனிட்டு முடித்த வண்டி எவ்வளவுக்குப் போகும் என்று பார். அதிலிருந்து டிங்கரிங், பெயின்ட், குரோம், எஞ்சின் செலவைக் கழி. பல நேரம் மிச்சம் மைனஸில் வரும். சில விலைப் புத்தகங்களில் ஒன்று முதல் நான்கு வரை தரம் போட்டிருப்பார்கள். நான்கு என்பதே குறைகளோடு ஓடுகிற வண்டி. உன்னுடையது ஓடவே இல்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், உனக்குப் பிடிக்காது. சீட்டுக்கடியில் அந்த பில்ட் ஷீட் தாள் கிடைத்து, அது உண்மையான எல்.எஸ்.6 என்று தெரிந்துவிட்டது, ஆனால் அந்த அம்மா சாதாரண ஷெவெல் விலைதான் சொல்கிறார் என்று வை. அது உன் அதிர்ஷ்டம், வாயை மூடிக்கொண்டு வாங்கு என்று உன் சிநேகிதர்கள் சொல்வார்கள். தேடிக் கண்டுபிடித்த உழைப்பு உன்னுடையது, அதற்குக் கூலி நியாயம்தான். ஆனால் தாள் அவர் வீட்டுச் சொத்து. அவர் கையில் கொடுத்து, என்ன என்று விளக்கிவிட்டு, பிறகு விலை பேசு. அவர் வேறு யாருக்காவது விற்றுவிடலாம். விற்கட்டும்.

சனிக்கிழமை போகிறபோது காந்தம், டார்ச், பழைய துணி, படுக்க ஒரு அட்டை எடுத்துக்கொள். செக் புத்தகம் வீட்டிலேயே இருக்கட்டும். எஞ்சின் மேடையைக் கிட்டத்தில், சாய்ந்த வெளிச்சத்தில் படம் எடுத்து இரவே எனக்கு அனுப்பு.