மெட்டாலிகாவுக்கு ஒற்றை டிக்கெட்

2011 அக்டோபர் 28, வெள்ளிக்கிழமை இரவு. குர்காவ்னில் மெட்டாலிகா ராக் குழுவின் கச்சேரி நடக்கவில்லை. மேடைக்கு முன்னாலிருந்த தடுப்பில் கோளாறு, நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். பிறகு அடியோடு ரத்து. காத்துக் காத்து வெறுத்துப்போன கூட்டம் மேடையேறி அடித்து நொறுக்கியதைச் செய்திச் சேனல்கள் ஓயாமல் காட்டின. ஞாயிற்றுக்கிழமை பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸில் அடுத்த கச்சேரி. என்னோடு வருவதாக இருந்த தோழி சனிக்கிழமை காலை போன் செய்தாள். "அங்கேயே இந்தக் கதின்னா, இங்க மட்டும் என்ன நடக்கும்? வீட்ல விட மாட்டேங்கிறாங்கப்பா. என் டிக்கெட்டை யாருக்காவது கொடுத்துடு."

சென்னையிலிருந்து தனியாகப் போவதா, வேண்டாமா? விசாரித்த எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: யாரோட போறே? அம்மா மட்டும் வேறு மாதிரி கேட்டாள்: "திரும்பி எப்படிடி வருவ?"

முதல் கேள்வி என்னைத் தொந்தரவு செய்யவில்லை. 1981-ல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய குழு, முப்பது வருஷம் கழித்து முதல்முறையாக இந்தியாவில் வாசிக்கப்போகிறது. வீட்டில் சத்தமாக வைக்க முடியாத பாட்டு. எப்போதும் ஹெட்செட் மாட்டித் தனியாகத்தான் கேட்டிருக்கிறேன். இப்போது மட்டும் பக்கத்தில் ஆள் எதற்கு?

அம்மாவின் கேள்விக்குத்தான் கணக்குப் போட வேண்டியிருந்தது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, சிறப்பு அனுமதி இல்லாவிட்டால், இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. ஆகவே பத்தை ஒட்டித்தான் முடிப்பார்கள். சிட்டி ஸ்டேஷனில் சென்னைக்குத் திரும்பும் பெங்களூரு மெயில் 10.40-க்கு, அதைப் பிடிப்பதென்றால் கடைசிப் பாட்டுகளை விட்டுவிட்டு ஓட வேண்டும். அதற்கு வீட்டிலேயே இருக்கலாம். லாட்ஜில் தங்கலாமென்று விசாரித்தால், தனியாக வரும் பெண்ணுக்கு அறை தருவதில்லை என்று மரியாதையாகவே சொன்னார்கள். அந்த மரியாதைதான் எரிச்சல். கடைசியில் மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டிலிருந்து நள்ளிரவுக்குக் கிளம்பும் பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. போவதென்று அப்போதுதான் முடிவு செய்தேன்.

பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் ஏறி, ஜோலார்ப்பேட்டை தாண்டும்வரை குர்காவ்ன் செய்தியையே படித்துக்கொண்டு போனேன். கண்டோன்மெண்டில் இறங்கியதும் ஆட்டோக்காரர் தமிழிலேயே கேட்டார்: "பேலஸ் கிரவுண்ட்ஸா மேடம்? காலைலேருந்து கறுப்பு டீ-சர்ட்டா ஏத்திட்டிருக்கேன்." பத்து நாளைக்கு முன்புதான் பெங்களூரில் மெட்ரோ தொடங்கியிருந்தது. ஆனால் எம்.ஜி. ரோட்டிலிருந்து பையப்பனஹள்ளி வரைதான். எனக்கு உபயோகமில்லை.

தனியாகப் போவதன் கஷ்டம் கச்சேரியில் இல்லை, அதற்கு முந்தைய காத்திருப்பில்தான். வரிசையில் எல்லோரும் கும்பல் கும்பலாக நிற்க, நாம் மட்டும் வராத மெசேஜைப் பார்ப்பதுபோல் போனைத் தடவிக்கொண்டிருப்போம். கழிவறைக்குப் போனால் இடம் பறிபோகும். "கொஞ்சம் பார்த்துக்கோ" என்று சொல்ல ஆளில்லை. உபரி டிக்கெட் என்னைக் காப்பாற்றியது. குர்காவ்னில் ஏமாந்து, அங்கிருந்து பெங்களூருக்கு வந்துவிட்ட ஒரு பையன் வாசலில் டிக்கெட் கேட்டு அலைந்துகொண்டிருந்தான். வாங்கிய விலைக்கே கொடுத்தேன். நம்பாமல் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். உள்ளே போனதும் மேடையை நோக்கி ஓடியவன்தான், பிறகு கண்ணில் படவில்லை.

நான் முன்னால் போகவில்லை. தனியாக வருபவர்களுக்கு, அதுவும் உயரம் குறைவானவர்களுக்கு, சவுண்ட் இன்ஜினியர் உட்காரும் மேடையின் ஓரம்தான் சரியான இடம். அங்கே முதுகுக்குத் தடுப்பு உண்டு, நெரிசல் குறைவு. அதைவிட முக்கியம், ஒலியை அவர் அங்கிருந்து கேட்டுத்தான் சரிசெய்கிறார். மைதானத்திலேயே நன்றாகக் கேட்கும் இடம் அதுவாகத்தான் இருக்கும்.

என்னியோ மோரிகோனேயின் 'எக்ஸ்டஸி ஆஃப் கோல்டு' எழுந்தபோது நடக்குமா நடக்காதா என்ற பேச்சு முடிந்துபோனது. எண்பதுகளிலிருந்தே அவர்கள் மேடைக்கு வரும் இசை அது. அதன்பின் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' வந்தபோது டிரம்ஸின் அடி காதுக்குப் போகாமல் நேராக நெஞ்சில் இறங்கியது. 'நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ்' பாடியபோது பின்னால் நின்ற ஷில்லாங் பையன்கள் வார்த்தை பிசகாமல் பாடினார்கள். யாருக்கும் யாரையும் பார்க்க நேரமில்லை. தோழி வந்திருந்தால் அவளுக்குத் தெரிகிறதா, நசுங்குகிறாளா, வீட்டுக்குப் போகலாம் என்பாளா என்றுதான் பாதிக் கவனம் போயிருக்கும். அவள் கோபித்துக்கொள்ளக்கூடும், ஆனாலும் உண்மை அதுதான்.

முடிந்ததும் போனில் சிக்னல் இல்லை. கூட்டத்தோடு மேக்ரி சர்க்கிள் பக்கம் நடந்தேன். நின்ற ஆட்டோக்கள் இரவு நேர ஒன்றரை மடங்கையும் தாண்டிக் கேட்டன. இன்னும் கொஞ்சம் நடந்ததும் நியாயமாகக் கேட்ட ஒருவர் கிடைத்தார். மெஜஸ்டிக்கில் டீ குடிக்கவும் நேரமிருந்தது.

தனியாகப் போகலாமா என்று இப்போதும் சிலர் கேட்கிறார்கள். தாராளமாகப் போங்கள். ஆனால் கச்சேரி டிக்கெட்டுக்கு முன்னால் திரும்புகிற டிக்கெட்டைப் போட்டுவிடுங்கள். அது கிடைக்கவில்லையென்றால், கூட நாலு பேர் வந்தாலும் போகாதீர்கள்.