அப்புறம்

பக்கவாதம் வந்து மூன்று மாதம் கழித்து அப்பாவிடம் ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியிருந்தது: அப்புறம். தண்ணீர் வேண்டுமென்றாலும் அப்புறம், ஃபேனை நிறுத்தச் சொல்வதற்கும் அப்புறம். கோபம் வந்தால் மூன்று அப்புறம், ஒவ்வொன்றும் முந்தையதைவிட உரக்க. மூளையில் மொழிக்கான பகுதி அடிபட்ட சிலருக்கு இப்படி ஒரே சொல் திரும்பத் திரும்ப வருமாம். "புத்தியெல்லாம் தெளிவாத்தான் இருக்கு, பேச்சுதான் போயிருச்சு" என்றார் டாக்டர்.

நான் மென்பொருள் எழுதுகிறவன். சிக்கலைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி வாங்கிக்கொண்டு கரூர் வந்த இரண்டாவது வாரமே அப்பாவுக்காக ஒரு ஆப் செய்தேன். டேப்லெட்டில் பன்னிரண்டு படங்கள்: சாப்பாடு, தண்ணீர், பாத்ரூம், வலி. தொட்டால் என் குரலில் அந்தச் சொல் வரும். அப்பா ஒன்றைக்கூடத் தொடவில்லை. ஒருநாள் மதியம் எதையோ கேட்டுக்கொண்டே இருந்தார். நான் ஒவ்வொரு படமாகக் காட்டினேன். டேப்லெட்டைத் தள்ளிவிட்டார். "ஒரு பட்டன் தொடறதுக்கு என்னப்பா கஷ்டம்?" என்று கத்திவிட்டேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதன்பிறகு அன்று அந்த ஒரு சொல்லும் வரவில்லை.

இரவு தூக்கம் பிடிக்காமல், வெகுநாளாகப் பார்க்க வேண்டுமென்று வைத்திருந்த 'பர்ஃபெக்ட் லைவ்ஸ்' வீடியோவை எடுத்தேன். ராபர்ட் ஆஷ்லி தொலைக்காட்சிக்கென்றே எழுதிய ஓபரா. நியூயார்க்கின் 'த கிச்சன்' என்ற கலைக்கூடத்துக்காக உருவாகி, 1984இல் பிரிட்டனின் சேனல் 4இல் ஒளிபரப்பானது. சேனல் 4 அரசுக்குச் சொந்தமான அலைவரிசை. நிகழ்ச்சிகளின் வடிவத்திலும் உள்ளடக்கத்திலும் பரிசோதனையை ஊக்குவிக்க வேண்டும் என்று 1980ஆம் ஆண்டுச் சட்டமே அதற்கு விதித்திருந்தது. அதனால்தான் இப்படி ஒன்று வீடுகளின் வரவேற்பறைக்குள் வர முடிந்தது.

ஓபரா என்றதும் நான் எதிர்பார்த்த பெருங்குரல் அதில் இல்லை. நரைத்த தலையோடு ஆஷ்லி கேமராவைப் பார்த்துத் தணிந்த குரலில் பேசிக்கொண்டே போகிறார். பேச்சா பாட்டா என்று பிரிக்க முடியவில்லை. கீழே 'ப்ளூ' ஜீன் டிரன்னியின் பியானோ. அவருடைய விரல்கள் திரை நிறைய வந்து போகின்றன. ஜான் சான்பார்ன் இயக்கிய காட்சிகள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிகின்றன. சொல்லப்படுவதைப் படம் விளக்குவதில்லை, அது தன் வழியில் போகிறது. பூங்கா, சூப்பர்மார்க்கெட், வங்கி, பார், வரவேற்பறை, தேவாலயம், கொல்லைப்புறம் என்று ஏழு பகுதிகள், ஒவ்வொன்றும் அரை மணிக்குச் சற்றுக் குறைவு. அமெரிக்காவின் மத்திய மேற்கில் ஒரு சிற்றூர். அங்கே வரும் ஒரு வயதான பாடகரும் அவருடைய பியானோக்காரரும் உள்ளூர்க்காரர்கள் இருவரோடு சேர்ந்து வங்கிப் பணத்தை எடுக்கத் திட்டமிடுகிறார்கள். ஒரே ஒரு நாள் வைத்திருந்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவதாகத் திட்டம்.

இவ்வளவும் எனக்கு அன்று புரிந்தது என்று சொன்னால் பொய். மூன்றாம் பகுதிக்குள் கதையை விட்டுவிட்டேன். அதன்பிறகுதான் காது திறந்தது. எங்கே குரல் ஏறுகிறது, எங்கே தயங்குகிறது, எந்த வாக்கியத்தில் ஒரு சின்னக் கேலி ஓடுகிறது என்பதெல்லாம், அர்த்தத்தைத் துரத்துவதை நிறுத்தியதும் கேட்க ஆரம்பித்தன.

பிறகு ஆஷ்லியைப் பற்றித் தேடிப் படித்தேன். அவருக்குத் தன்னையறியாமல் சொற்கள் வாயில் வரும் பழக்கம் இருந்தது. டூரெட் நோயின் லேசான வடிவம் என்று அவரே கருதினார். அதை மறைக்காமல், அப்படித் தானாக வந்த பேச்சைப் பதிவுசெய்து 'ஆட்டோமேட்டிக் ரைட்டிங்' என்ற படைப்பாக்கினார். 1979இல் வெளியான அது சுமார் 46 நிமிடம் ஓடுகிறது. முணுமுணுப்பும் அதன் பிரெஞ்சு மொழிபெயர்ப்பும் பக்கத்து வீட்டிலிருந்து கேட்பதுபோல் மங்கலான இசையும் மட்டும்தான். விடிகாலையில் ஹெட்போனில் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. தன் வாய் தன் பேச்சைக் கேட்காதபோதும் அந்த மனிதர் அதை உட்கார்ந்து கேட்டிருக்கிறார். நானோ பன்னிரண்டு பட்டன் செய்திருந்தேன்.

மறுநாள் சாயங்காலம் அப்பாவை வீல்சேரில் வைத்துக் கொல்லைப்புறம் கூட்டிப்போனேன். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். லேப்டாப்பைத் திறக்காமல் திண்ணையில் உட்கார்ந்தேன்.

"அப்புறம்?" என்றார் அப்பா.

அம்மா நிமிரவே இல்லை. "அப்புறம் என்னங்க, அந்தப் புள்ளைக்கு நிச்சயமாயிருச்சு. மாப்பிள்ளை திருப்பூராம்."

"அப்புறம்?" இந்த முறை கொஞ்சம் இழுத்து.

"அதெல்லாம் நல்ல எடந்தானுங்க."

அப்பா தலையாட்டினார். மூன்று மாதமாக இது நடந்துகொண்டிருந்திருக்கிறது, உள் அறையில் ஹெட்போனோடு இருந்த எனக்குத்தான் தெரியவில்லை. அம்மாவிடம் கேட்டேன், "எப்பிடிம்மா புரியுது உங்களுக்கு?"

"எல்லாமா புரியுது? பாதி புரியும். மீதிக்கு நானா எதையாச்சும் சொல்லுவேன். தப்புன்னா கத்துவாரு."

நேற்று மதியம் அவர் என்ன கேட்டார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அம்மாவுக்கும் தெரியவில்லை. வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. அப்பா என் பக்கம் திரும்பினார்.

"அப்புறம்?"

கேள்வி மாதிரிதான் இருந்தது. தப்பென்றால் கத்தட்டும் என்று, நேற்றிரவு பார்த்த படத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். "ஒரு ஊருப்பா. அந்த ஊருக்கு ரெண்டு பாட்டுக்காரங்க வர்றாங்க..."